கம்போடு கோர்ட்டுக்குப் போன கதை

குற்றவாளிக் கூண்டில் நிற்பவனுக்கு முதலில் வருவது பயமில்லை, அவமானமுமில்லை, கால் வலி. இதை எந்தச் சினிமாவிலும் காட்டுவதில்லை. கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாக வசனம் பேசுகிறார்களே தவிர, ஒரு கதாநாயகனாவது காலை மாற்றி நின்று நான் பார்த்ததில்லை. நான் மாற்றி மாற்றி நின்றிருக்கிறேன். கால் வலிக்கு அடுத்தபடியாக வருவது கொட்டாவி. (விட்டுவிடாதீர்கள். நீதிபதிக்கு நேராகக் கொட்டாவி விட்டால் அது தனி வம்பு.)

என் மேல் இருந்த குற்றச்சாட்டு, பிறர் சொத்துக்கு வேண்டுமென்றே சேதம் விளைவித்தது. பிரிவு நானூற்று இருபத்தேழு. வெள்ளைக்காரன் இந்தியாவுக்குத் தைத்த சட்டையையே பர்மாவுக்கும் மாட்டிவிட்டுப் போயிருப்பதால், நானூற்று இருபது என்றால் யாங்கோனிலும் ஏமாற்றுக்காரன் என்றுதான் அர்த்தம். நான் அவனையும் தாண்டிப் போனவன். இத்தனைக்கும் நான் செய்தது சாமி காரியம்.

எங்கள் கோவில் தேர் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு சின்ன லாரி, அதன் மேல் மரச்சட்டம், ஜிகினா, சீரியல் பல்பு, உச்சியில் ஒரு கலசம். அந்தக் கலசம்தான் சிக்கல். யாங்கோன் தெருக்களில் தலைக்கு மேலே கரண்ட் கம்பி, டெலிபோன் கம்பி, இன்டர்நெட் கம்பி, யாருடையது என்று யாருக்குமே தெரியாத கம்பி என்று எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கும். அதனால் தேருக்கு முன்னால் ஓர் ஆள் நீள மூங்கில் கம்போடு நடக்க வேண்டும். கம்பின் நுனியில் கவட்டை இருக்கும். கம்பியைக் கவட்டையால் தூக்கிப் பிடித்து, சாமியை அடியில் போகவிட்டு, மெதுவாக இறக்கிவிட்டு, அடுத்த கம்பிக்கு ஓட வேண்டும்.

வழக்கமாக இதைச் செய்த அண்ணன் அந்த வருஷம் மலேசியாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். கமிட்டிக்காரர்கள் உயரமான ஆளைத் தேடினார்கள். நான் உயரம். எனக்கு இருந்த தகுதி அவ்வளவுதான். மற்றபடி நான் இன்சீனில் அம்மாவோடு குடியிருந்துகொண்டு, ஒரு மருந்துக் கம்பெனியில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தவன். கையில் எடுத்த கனமான ஆயுதம் ஸ்டேப்ளர்.

நான் ஒப்புக்கொண்டதற்கு இன்னொரு காரணம் மீனா. க்யிம்யிண்டைங் மார்க்கெட்டில் பைப்புக் கடை வைத்திருக்கும் ஊ முத்தையாவின் மகள். (எங்கள் பெரியவர்களின் தமிழ்ப் பெயருக்கு முன்னால் மரியாதைக்குப் பர்மிய 'ஊ' போட்டுக்கொள்வது வழக்கம்.) இரண்டு வீட்டிலும் பேச்சு முடிந்து, திருவிழா கழிந்ததும் நிச்சயம் செய்வதாக இருந்தது. தேர் வரும் வழியில், டீக்கடை முனையில் தன் சிநேகிதிகளோடு நிற்பதாக அவள் மெசேஜ் அனுப்பியிருந்தாள். கம்பு தூக்குவதில் ஒரு மனுஷன் என்ன ஸ்டைல் காட்ட முடியும் என்று கேட்காதீர்கள். காட்டினேன். கூலிங் கிளாஸ் போட்டிருந்தேன். தலையில் மஞ்சள் துணி. நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே நாலு அறை விடலாம் போலிருக்கிறது.

இந்த இடத்தில் யாங்கோன் மாடி வீடுகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும், அடியில் ஒரு கிளிப். பேப்பர்காரர் பேப்பரைக் கிளிப்பில் மாட்டுவார், காய்காரம்மா பையைக் கட்டிவிடுவார், விருந்தாளி வந்தால் கயிற்றை இழுப்பார், மேலே மணி அடிக்கும். ஒரு கட்டடத்துக்கு முன்னால் நின்று பார்த்தால் கம்பிகளுக்கு நடுவே இந்தக் கயிறுகளும் வரிசையாகத் தொங்கும். பிறந்ததிலிருந்து பார்க்கிற கயிறுதான். அன்றைக்குப் பார்த்து என் கண்ணுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் கண் டீக்கடை முனையில் இருந்தது.

மீனா என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன். கவட்டையைக் கம்பிக்குக் கொடுத்துத் தூக்கினேன், வரவில்லை. இழுத்தேன், வரவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்று கவட்டையை ஒரு முறுக்கு முறுக்கி வெடுக்கென்று இழுத்தேன். வந்தது.

நான் இழுத்தது கம்பி இல்லை, மூன்றாம் மாடி ஊ ச்சோ லின்னின் கயிறு. ஊரில் எல்லாரும் கயிற்றைப் பால்கனிக் கைப்பிடியில் கட்டுவார்கள். அந்த மகானுபாவர் தன் டிஷ் ஆன்டெனாவின் துருப்பிடித்த காலில் கட்டியிருந்தார். ஆன்டெனா வந்தது, அது நின்ற ஸ்டாண்ட் வந்தது, ஸ்டாண்டில் தொங்கிய ஆர்க்கிட் தொட்டிகளும் கூடவே வந்தன. எல்லாம் சேர்ந்து கீழே நின்ற காரின் மேல் விழுந்தன. காரும் அவருடையதுதான். ஜப்பானிலிருந்து யாரோ ஓட்டிக் கழித்த கார் என்றாலும் அவருக்குப் புதுசு, சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. முன்கண்ணாடி பொடிப்பொடி. பானெட்டில் ஆன்டெனா குப்புறப் படுத்துக் கிடந்தது. தெருவே வாயடைத்து நிற்க, ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்த நாதஸ்வரம் மட்டும் நிற்காமல் கல்யாண மேளம் வாசித்தது.

ஊ ச்சோ லின் நல்ல மனுஷர். பால்கனியில் எட்டிப் பார்த்து முதலில் கேட்டது, "யாருக்கும் அடிபடலியே?" என்றுதான். பிறகுதான் காரைப் பார்த்தார். பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். போலீசுக்குப் போன் செய்தது அவர் மனைவி டோ மியா. (ஆண்களுக்கு 'ஊ' போலப் பெண்களுக்கு 'டோ'.) அந்த அம்மாள் கீழே வந்த தேரைக் கும்பிட்டுக்கொண்டே பால்கனியில் நின்றவர், நடந்ததை முழுதாகப் பார்த்த ஒரே சாட்சி.

கமிட்டித் தலைவரைத் தேடினேன். அவர் போலீஸ்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"தம்பி நல்ல தம்பிதாங்க. ஆனா கமிட்டியில இல்லீங்க. அவரா ஆசப்பட்டு வந்தவரு."

போலீஸ் என்னையும் பிடித்தது, கம்பையும் பிடித்தது. கம்பு சான்றுப் பொருளாம். சாமி நடுத்தெருவில் நின்றுபோனார். கடைசியில் தரை துடைக்கும் மாப்புக் கட்டையை இன்னொரு கட்டையோடு சேர்த்துக் கட்டி, அதை வைத்துக் கம்பிகளைத் தூக்கி, தேரைக் கோவிலுக்குத் திருப்பிக் கொண்டுபோனதாகக் கேள்வி. அதைப் பார்க்கும் பாக்கியம் எனக்கு இல்லை, நான் ஸ்டேஷனில் இருந்தேன்.

ஜாமீனுக்கு அதே பேட்டையில் சொந்த வீடோ கடையோ உள்ள ஆள் வேண்டும். என் அப்பா போய்ச் சேர்ந்து பல வருஷம். கமிட்டித் தலைவரின் போன் அணைக்கப்பட்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றார் ஊ முத்தையா. வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத லுங்கி, சிரிப்புக்கு எப்போதும் விடுமுறை கொடுத்த முகம். பின்னால் மீனா.

"நான் என் இஷ்டத்துக்கு வரலப்பா," என்றார் என்னிடம். "நீங்க போடலன்னா நானே போய்க் கையெழுத்துப் போடுவேன்னு இவ நிக்கிறா. பொம்பளப்புள்ளய ஸ்டேஷன்ல கையெழுத்துப் போட வுட்டேன்னு நாளைக்கி நாலு பேரு பேசுவான். அதுக்காகத்தான் போடறேன்."

"ரொம்ப நன்றி மாமா."

"மாமா கீமா எல்லாம் கேஸு முடியட்டும். விடுதலையானா நிச்சயம் பண்ணுவோம். தண்டன ஆச்சின்னா ஒனக்கும் எங்களுக்கும் ஒண்ணும் இல்ல. என் வூட்டுல ஜெயிலுக்குப் போனவன் ஒருத்தனும் கெடையாது. இப்பவே சொல்லிட்டேன், பின்னால பேசக் கூடாது."

மீனா அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்து, கூலிங் கிளாசைக் கழற்று என்று சைகை செய்தாள். அதுவரை போட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறேன்.

கையெழுத்து முடிந்ததும் கம்பின் பிரச்சினை வந்தது. ஸ்டேஷனில் அதை வைக்க இடமில்லை. சாய்த்தால் கூரை இடித்தது, படுக்க வைத்தால் வாசலைத் தாண்டித் தெருவில் நீட்டியது. "இத உள்ள வச்சா நாங்க எங்க போயி நிக்கிறது?" என்று எரிந்து விழுந்தார் அதிகாரி. கடைசியில் அதற்கு ஓர் அட்டை கட்டி, அரக்கு வைத்து, என்னிடமே ஒப்படைத்தார்கள். பத்திரமாக வைத்திருந்து, கோர்ட்டு கேட்கும்போது கொண்டுவர வேண்டும். கோர்ட்டு எப்போது கேட்கும் என்று யாருக்கும் தெரியாததால், ஒவ்வொரு வாய்தாவுக்கும் கொண்டுவரச் சொல்லிவிட்டார் குமாஸ்தா. குற்றம் செய்தவன் ஆயுதத்தைத் தானே சுமந்துகொண்டு கோர்ட்டுக்கு நடந்த அதிசயம் இப்படித்தான் ஆரம்பமாயிற்று.

வாய்தா என்றால் என்னவென்று வாய்தாவுக்குப் போனவனுக்குத்தான் தெரியும். ஒரு நாள் சாட்சி வரவில்லை. ஒரு நாள் சாட்சி வந்தார், டைப் அடிப்பவர் லீவு. ஒரு நாள் எல்லாரும் வந்தோம், கரண்ட் வரவில்லை. ஒரு நாள் மழையில் தெருவே மிதந்தது. ஒரு நாள் ஏன் தள்ளிவைத்தார்கள் என்று கேட்கக்கூட எனக்குத் தெம்பில்லை. எங்கள் வக்கீல் டோ நூ சூரியகாந்தி விதையை உரித்துத் தின்றுகொண்டே, "யபாடெ, யபாடெ," என்பார். பரவாயில்லை என்று அர்த்தம். எனக்கு மட்டும் பரவாயிருந்தது. கம்பெனியில் லீவு கேட்டுக் கேட்டு மேனேஜர் முகத்தைப் பார்க்கவே கூசியது.

இன்சீனிலிருந்து சுற்று ரயிலில் போக வேண்டும். பழைய ரயிலாக இருந்தால் ஜன்னல் வழியாக நீட்டியிருப்பேன். புது ரயிலில் கதவு தானாக மூடும். நான் உள்ளே, கம்பில் முக்கால்வாசி உள்ளே, கவட்டை வெளியே. கதவு மூடும், கம்பில் இடித்துத் திறக்கும், மறுபடி மூடும், திறக்கும். ரயில் நகரவில்லை. கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்த பெண்கள் என்னையும் கம்பையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். கார்டு வந்து இறக்கிவிட்டார். என்னோடு ஊ முத்தையாவும் இறங்கினார்.

ஆமாம், அவரும் வருவார். ஜாமீன் போட்டவர் ஆயிற்றே. நான் ஓடிவிட்டால் அவர் பதில் சொல்ல வேண்டும் என்று, ஒவ்வொரு வாய்தாவுக்கும் விடிந்ததும் கடையை விட்டுவிட்டு இன்சீன் வந்து என்னை அழைத்துப் போனார்.

"நான் எங்கயும் ஓட மாட்டேன் மாமா. இந்தக் கம்ப வச்சிக்கிட்டு எங்க ஓடறது?"

"பேசாம வாய்யா. எனக்கே முட்டி வலிக்குது."

பிறகு நாங்கள் சரக்கு ஏற்றும் பிக்கப் வண்டியில் போனோம். அங்கிருந்து சைக்கா. அது பக்கத்தில் சீட்டு வைத்த சைக்கிள் ரிக்ஷா. கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு நான் உட்கார, சைக்காக்காரர் திரும்பும்போதெல்லாம் கவட்டை யார் தலையையாவது தடவும். "தலைய பாத்து! தலைய பாத்து!" என்று கத்திக்கொண்டே பின்னால் இன்னொரு சைக்காவில் வருவார் ஊ முத்தையா.

வேடிக்கை என்னவென்றால் ஊ ச்சோ லின்னும் எங்களைப் போலவே களைத்துப்போயிருந்தார். கார்க் கண்ணாடியை நான் எப்போதோ மாற்றிக் கொடுத்தாயிற்று. ஆன்டெனாவும் புதிது. அவருக்கு என் மேல் கோபமே இல்லை. வராந்தாப் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து டீ வாங்கிக் கொடுப்பார். ஆனால் கேஸை வாபஸ் வாங்கலாமா என்று கோர்ட்டில் கேட்க அவருக்கு ஆனாடெ. (அதை எப்படிச் சொல்வது! அடுத்தவருக்குத் தொந்தரவாகிவிடுமோ என்று மனசு கூசுவது. பர்மாக்காரர்களின் பாதி வாழ்க்கை இதில்தான் போகிறது, எங்கள் வாழ்க்கையும்தான்.) இவ்வளவு பேரை இழுத்துவிட்டு இப்போது வேண்டாமென்றால் நீதிபதி அம்மாவுக்கு என்னவாக இருக்கும் என்று அவருக்குக் கூச்சம். தவிர டோ மியா சாட்சி சொல்லியே தீருவேன் என்றிருந்தார்.

சொன்னார்.

"சிரிச்சான், சயாமா. மேல பாக்கல, பக்கத்துல பாத்துச் சிரிச்சான். சிரிச்சிட்டு இழுத்தான். தெரியாம இழுக்கிறவன் எதுக்குச் சிரிக்கிறான்?"

(சயாமா என்றால் டீச்சரம்மா. நீதிபதி அம்மாவையும் மரியாதைக்கு அப்படித்தான் கூப்பிடுவது.) சிரித்துக்கொண்டே செய்தால் வேண்டுமென்று செய்ததாகிவிடும். டோ நூ விதை உரிப்பதை நிறுத்திவிட்டார். நீதிபதி அம்மா என்னைப் பார்த்தார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத பெண்மணி.

"சிரித்தாயா?"

"சிரிச்சேன், சயாமா."

"எதற்கு?"

"ஒரு பொண்ணப் பாத்து."

"எந்தப் பெண்?"

நான் காலை மாற்றி நின்றேன். டோ நூ என்னை முறைத்தார், சொல்லித் தொலை என்று. வேறு வழியில்லாமல் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஊ முத்தையாவைக் கையால் காட்டினேன். "அவரோட பொண்ணு."

கோர்ட்டு முழுக்கத் திரும்பி அவரைப் பார்த்தது. டைப் அடிப்பவர் அடித்தார். ஜாமீன்தாரரின் மகளைப் பார்த்துக் குற்றம் சாட்டப்பட்டவர் சிரித்ததாக அரசாங்கத் தாளில் ஏறிவிட்டது.  திரும்பி வந்து இறங்கும்போது ஊ முத்தையா சொன்னார்: "சிரிக்கிறதுக்கு ஒரு நேரம் காலம் இல்ல ஒனக்கு?"

அன்று மீனா போன் செய்தாள். நடந்ததைக் கேட்டு முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு குரல் மாறிவிட்டது.

"அப்பா வாக்குக் குடுத்தா மாத்த மாட்டாரு. ஒனக்குத் தண்டன ஆச்சின்னா நான் அழுதாலும் ஒண்ணும் நடக்காது. தெரியுமில்ல?"

"தெரியும்."

"எனக்கு அலுத்துப் போச்சி, சண்முகம். கோவில்ல பாக்கிறவங்க எல்லாம் என்னாச்சி என்னாச்சின்னு கேக்கிறாங்க. எத்தினி நாளைக்கித்தான் வாய்தா வாய்தான்னு சொல்றது?"

 அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதற்கிடையில் டோ நூவுக்கு ஒரு யோசனை வந்தது. அவ்வளவு உயரத்தில் இருந்த ஆன்டெனாவை இந்தக் கம்பு தொட்டிருக்கவே முடியாது, கயிறு தானாகச் சிக்கியது, அதை நீதிபதி நேரில் பார்க்கட்டும் என்று மனுப் போட்டுவிட்டார். அடுத்த வாய்தாவில் கம்பைக் கோர்ட்டுக்குள் கொண்டுவர உத்தரவாயிற்று. இத்தனை நாள் வராந்தாவில் சாய்ந்துகிடந்த கம்புக்கு ஒருவழியாக மரியாதை வந்தது.

கம்பு அப்போது எங்கள் வீட்டில் இல்லை. அம்மா அதில் ஈரத்துணி காயப்போடுகிறாள், அரக்கு உதிர்கிறது என்று பார்த்து, ஊ முத்தையா தன் கடைக்கு எடுத்துப் போய்விட்டார். வாய்தா அன்று காலை அவர் வழக்கத்துக்கு மாறாகச் சந்தோஷமாக வந்து இறங்கினார். சைக்காவில் ஒரே ஒரு கோணிப்பை மூட்டை.

"கம்பு எங்க மாமா?"

"இதோ," என்று கோணியைத் தட்டினார். "இத்தினி நாளா எனக்கு இந்தப் புத்தி வரல பாரு. மனுஷன் எவ்ளோ பாடுபடறது? நடுவால அறுத்து, ரெண்டு பக்கமும் பைப்பு மாட்டி, திருகு யூனியன் போட்டுட்டேன். கழட்டுனா ரெண்டு. முறுக்குனா ஒண்ணு. அட்டை, அரக்கு ஒண்ணுலயும் கை வக்கல."

 வாழ்நாள் முழுக்கப் பைப்பை அறுத்து இணைத்தவருக்கு, நீளமாக ஒன்றைக் கண்டால் அறுக்கத் தோன்றியிருக்கிறது. அது போலீஸ் சீல் வைத்த சான்றுப் பொருள் என்பது அந்தக் கணத்தில் அவருக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து எனக்கு எதுவும் சொல்ல வாய் வரவில்லை. (எனக்கும் ஆனாடெ.)

கோர்ட்டு வராந்தாவில் அவரே முறுக்கி ஒன்றாக்கினார். அசைத்தால் அசையவில்லை, அப்படி உட்கார்ந்தது. வாசலில் சாய்த்து, வளைத்து, மின்விசிறியில் இடிக்காமல் உள்ளே கொண்டுபோய் நிறுத்தினேன். குமாஸ்தா பட்டியலை வாசித்தார்: "ஒரே மூங்கில் கம்பு. நுனியில் கவட்டை."

நீதிபதி அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். கம்பின் நடுவில் சாம்பல் நிறத்தில், குண்டாக, பளபளவென்று ஒரு பைப்பு இணைப்பு.

"இது என்ன?"

 டோ நூவின் கையிலிருந்த விதைப் பொட்டலம் நழுவியது. அவர் என் காதுக்கருகில் குனிந்து, "இது சாட்சியத்தைக் கெடுத்த கேஸு. உன் கேஸவிடப் பெருசு," என்றார். அப்போது அவர் யபாடெ சொல்லவில்லை.

"இதைச் செய்தது யார்?"

பின்வரிசையைப் பார்த்தேன். ஊ முத்தையாவுக்கு அப்போதுதான் விளங்கியிருந்தது. முகம் வெளுத்து, வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். தன் வீட்டில் ஜெயிலுக்குப் போனவன் ஒருவனும் கிடையாது என்று சொன்ன மனுஷர். மீனாவின் அப்பா. எனக்காக முட்டி வலியோடு இன்சீனுக்கும் கோர்ட்டுக்கும் அலைந்தவர். அவர் வந்து இந்தக் கூண்டில் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எனக்கு எப்படியும் கல்யாணம் போயிற்று, மனுஷராவது மிஞ்சட்டும் என்றிருந்தது. தியாகம் என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன், பாதி களைப்பு.

"நான்தான், சயாமா."

"நீ என்ன வேலை பார்க்கிறாய்?"

"மருந்துக் கம்பெனியில. ஸ்டோர்."

"இதை எப்படிச் செய்தாய்?"

"ரம்பத்தால அறுத்து... ரெண்டையும் சேத்து வச்சி... கோந்து போட்டு ஒட்டினேன்."

"கோந்தா?"

"என்னாது, கோந்தா?" என்று ஒரு சத்தம். ஊ முத்தையா எழுந்து நின்றுவிட்டார். "சயாமா, அவன் பொய் சொல்றான்! அதுல கோந்தே கெடையாது!"

டோ நூ அவரை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். அவர் கேட்கவில்லை. விறுவிறுவென்று முன்னால் வந்து, நான் பிடித்திருந்த கம்பைப் பிடுங்கினார்.

"பாருங்க சயாமா, இது திருகு யூனியன். இப்படித் திருப்புனா கழலும். இப்படி முறுக்குனா உக்காரும். தண்ணி வுட்டாக்கூட ஒரு சொட்டு ஒழுகாது. இவனா பண்ணுவான்? இவன் கையில ரம்பத்தக் குடுத்தா வெரலத்தான் அறுப்பான். இத நான் பண்ணேன். இந்தக் கையால பண்ணேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. ஒரு கையில் பாதிக் கம்பும் மறுகையில் பாதிக் கம்புமாக நின்றார்.

"நீங்கள் யார்?" என்றார் நீதிபதி அம்மா.

"ஜாமீன் போட்டவன், சயாமா," என்றார் மெதுவாக.

"இவன் யாரைப் பார்த்துச் சிரித்தானோ..."

"என் பொண்ணுதான், சயாமா."

நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றி, கண்ணைக் கசக்கிக்கொண்டார். சிரிப்பை அடக்கினாரா அலுப்பை அடக்கினாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அப்போது பக்கத்துப் பெஞ்சிலிருந்து ஊ ச்சோ லின் எழுந்தார். பிறந்ததிலிருந்து யாருக்கும் தொந்தரவு கொடுக்காத மனுஷருக்கு அன்று எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ.

"சயாமா, மன்னிக்கணும். நான் கேஸ வாபஸ் வாங்கிக்கிறேன். இப்ப இவர் மேலயும் ஒரு கேஸுன்னா, அதுக்கும் நாங்கதான் சாட்சிக்கு வரணும். எங்களால முடியல."

எல்லாரும் டோ மியாவைப் பார்த்தோம். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார், ஊ முத்தையாவைப் பார்த்தார், அவர் கையில் இருந்த இரண்டு பாதிகளையும் பார்த்தார். "வாங்கித் தொலைங்க," என்றார். "ரெண்டும் கேனப்பசங்க. இதுங்களுக்கு வேணும்னு பண்ணத் தெரியாது."

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஆகச்சிறந்த நற்சான்று அதுதான். நீதிபதி அம்மா சமாதானத்துக்கு அனுமதி கொடுத்து என்னை விடுதலை செய்தார். ஊ முத்தையாவை அங்கேயே நிற்கவைத்துக் காது கிழியத் திட்டினார். கம்பை 'தற்போதுள்ள நிலையில்' கோவிலுக்குத் திருப்பித் தரும்படி எழுதச் சொன்னார்.

வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்தோம். ஊ முத்தையா அடுத்தடுத்து இரண்டு டீ குடித்தார்.

"எதுக்குய்யா நான்தான்னு சொன்ன?"

"நீங்க மாட்டிக்குவீங்களேன்னு, மாமா."

அவர் கோப்பையை நகர்த்தி வைத்தார். "சொல்றதுதான் சொன்ன, யூனியன்னு சொல்லப்படாதா? கோந்தாம், கோந்து." பிறகு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "ஒங்கம்மாகிட்ட நாள் பாக்கச் சொல்லு," என்றார்.

கல்யாணம் நடந்தது. ஊ ச்சோ லின்னும் டோ மியாவும் காரில் வந்தார்கள். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரும் எதையும் தான் செய்ததாகச் சொல்லிக்கொள்ள முடிவதில்லை. குழம்பு நன்றாக இருக்கிறதே, யார் வைத்தது என்று கேட்டு, நான்தான் என்று நான் சொல்லிவிட்டால் போதும், மீனாவும் பிள்ளையும் ஒரே குரலில், "சயாமா, அவன் பொய் சொல்றான்! அதுல கோந்தே கெடையாது!" என்று கத்துவார்கள். விருந்தாளிகள் விழிப்பார்கள். உடனே முழுக்கதையையும் முதலிலிருந்து சொல்லியாக வேண்டும். சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது, கேட்டுக் கேட்டு மாமாவுக்கு அலுக்கவே இல்லை. யூனியன் வரும் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார்.

இப்போது மாமாவுக்கு உடம்பு சரியில்லை. வலது கை விடாமல் நடுங்குகிறது. கடையைக் கைமாற்றிவிட்டார். போன மாதம் அவர் வீட்டு அடுப்படியில் குழாய் கழன்றுவிட்டது. ஸ்பேனரை எடுத்துப் பார்த்தார், பிடி நிற்கவில்லை. அதை என்னிடம் நீட்டினார். நான் மாட்டினேன். ஆவதென்ன, சொட்டியது. மறுபடி முறுக்கினேன், இன்னும் நன்றாகச் சொட்டியது. அடியில் ஒரு வாளியை வைத்தேன். மாமா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார், ஒரு சொல் சொல்லவில்லை.

அப்போது மார்க்கெட்டிலிருந்து அவரோடு தொழில் செய்த பழைய கூட்டாளி ஒருவர் நலம் விசாரிக்க வந்தார். தொழில்காரர் கண் வேறெங்கே போகும்? நேரே குழாய்க்குப் போயிற்று. குனிந்து இணைப்பைத் தடவிப் பார்த்தார். சிரித்தேவிட்டார்.

"யாருய்யா இத மாட்டுனது?"

சொல்லிவிடலாம் என்று நான் வாயைத் திறந்தேன்.

"நான்தான்," என்றார் மாமா நாற்காலியிலிருந்து. "கை முன்ன மாதிரி இல்ல."

வந்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. வாளி நிறைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு அதைத் தூக்கிப் பின்பக்கம் போனேன். அதில் கால்வாசித் தண்ணீர்கூட இல்லை.